விபத்தில் அடிபட்டவரைத் தூக்குவதற்கு முன்: உதவப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

காங்கயம் ரோட்டில் ஒரு பைக் சறுக்கி விழுந்தால் ரெண்டு நிமிஷத்தில் கூட்டம் கூடிவிடும். உதவ ஆள் இல்லாத குறை கொங்குப் பக்கம் கிடையாது. போன் செய்வதில் காட்ட வேண்டிய வேகத்தை ஆளைத் தூக்குவதில் காட்டுகிறோம், அதுதான் வினை.

"தூக்குங்க, ஆட்டோவுல போடுங்க" என்று யாராவது குரல் கொடுத்ததும் ஒருவர் கையைப் பிடிக்கிறார், இன்னொருவர் காலைப் பிடிக்கிறார். நடு உடம்பு தூளி மாதிரி தொய்கிறது, தலை பின்னால் சாய்ந்து தொங்குகிறது. கழுத்தெலும்பு விரிசலோடு நின்றிருந்தால், தண்டுவடம் நசுங்குவது இந்த நிமிஷத்தில்தான். அடுத்தது ஆட்டோவின் பின்சீட்டு. அங்கே ஆளை மடக்கி உட்கார வைக்கிறோம். நினைவில்லாதவரின் தாடை நெஞ்சில் கவிழ்ந்தால் மூச்சுக்குழாய் அடைபடும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு, "தூங்குறாருங்க" என்றுதான் தோன்றும். இரண்டு பேருக்கு நடுவே பைக்கில் உட்கார வைத்துக் கொண்டுபோவது இதைவிட மோசம்.

வண்டி தீப்பிடிக்கும், அல்லது ஓடும் லாரிகளுக்கு நடுவே கிடக்கிறார் என்றால் மட்டும் நகர்த்துங்கள். அப்போதும் தூக்க வேண்டாம். தலைமாட்டில் நின்று, தோள்பட்டைச் சட்டையை இறுகப் பிடித்து, தலையை உங்கள் முன்கைகளுக்கு நடுவில் அணைத்து, உடம்பு நீளவாக்கிலேயே பின்னோக்கி இழுங்கள். ஆம்புலன்ஸ் வரவே வழியில்லை, நாமேதான் கொண்டுபோக வேண்டும் என்றால், கழற்றிய கதவோ பெஞ்சுப் பலகையோ தேடுங்கள். பக்கத்துச் சாளையிலிருந்து (தோட்டத்து வீடு) கயித்துக் கட்டில் கொண்டுவருவார்கள். அதுவும் நடுவில் தொய்யும். நாலு பேர் வேண்டும். தலையைப் பிடித்திருப்பவர் எண்ணிக்கை சொல்ல, தலை, தோள், இடுப்பு எல்லாம் ஒரே கோட்டில் ஒருக்களித்து, பலகையை அடியில் நுழைக்க வேண்டும்.

ஹெல்மெட்டை உருவுவதும் இதே ரகத் தவறு. முகத்திரையை மேலே தூக்கிவிட்டாலே பல நேரம் போதும். மூச்சு விடுகிறாரா என்று பார்க்கலாம். மூச்சுத் திணறுகிறது, வாந்தி எடுக்கிறார், ஹெல்மெட் குறுக்கே நிற்கிறது என்றால்தான் கழற்ற வேண்டும். அதற்கும் இரண்டு பேர் தேவை. ஒருவர் தலைமாட்டில் ஹெல்மெட்டின் இரு பக்கமும் பிடித்து அசையாமல் வைக்க, மற்றவர் வாரை அவிழ்த்து, ஒரு கையால் தாடையையும் மறு கையால் பிடரியையும் தாங்குகிறார். அதன் பிறகு முதலாமவர் பக்கங்களை விரித்து, மூக்கில் இடிக்காமல் மெதுவாக உருவுகிறார். பிடரியைத் தாங்கியவர் கையை எடுக்கக் கூடாது.

கூட்டத்தில் எல்லோரும் வேறு யாரோ 108-க்கு அடித்துவிட்டதாக நினைப்பார்கள். ஒருவரைக் கைகாட்டி, "நீங்க அடிங்க" என்று சொல்லுங்கள். "பெருந்துறை பைபாஸ்ல" என்பது முகவரி ஆகாது. சேலம்–கோவை நெடுஞ்சாலையில் நடுவே தடுப்பு இருப்பதால், கோவை போகிற பக்கமா சேலம் போகிற பக்கமா என்பதைச் சொல்லாவிட்டால் ஆம்புலன்ஸ் எதிர்ப்பக்கம் வந்து நின்று, திரும்ப இடம் தேடி ஓடும். கிலோமீட்டர் கல்லைப் படித்துச் சொல்லுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 என்ற எண்ணும் உண்டு.

உங்கள் வண்டியை ரோட்டை விட்டு இறக்கி நிறுத்தி, நாலு இண்டிகேட்டரையும் போடுங்கள். மணிக்கு 80 கிலோமீட்டரில் வரும் கார் ஒரு வினாடியில் 22 மீட்டர் கடக்கும். பத்தடி தள்ளி நின்று துண்டை வீசுவதால் பயனில்லை. நாலுவழிச் சாலையில் குறைந்தது 100 மீட்டர் பின்னால், ரோட்டோரமாக, டார்ச்சோடு ஒருவர் நிற்கட்டும். திம்பம் மாதிரி மலைப்பாதையில் வளைவுக்கு முந்தியே நிற்க வேண்டும். லாரிக்காரர்கள் ஒடித்துப் போடும் வேப்பங்கொப்பு பகலில் சரி, இருட்டில் தெரியாது. கல் வைத்தால் போகும்போது எடுத்துவிடுங்கள். அடுத்த பைக்காரர் அதில்தான் விழுவார்.

ரத்தம் பீறிட்டால் தோளில் கிடக்கும் துண்டை மடித்து வைத்து, உள்ளங்கையால் பத்து நிமிஷம் விடாமல் அழுத்துங்கள். "நின்னுருச்சா" என்று நடுநடுவே எடுத்துப் பார்த்தால் உறையத் தொடங்கியது பிய்ந்துபோகும். நனைந்தால் மேலேயே இன்னொரு துணி வையுங்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள் வேண்டாம். டாக்டர் அதைக் கழுவி எடுத்துவிட்டுத்தான் காயத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். குத்தி நிற்கும் கம்பியை உருவாதீர்கள். ரத்தம் வெளியேறாமல் அடைத்துக்கொண்டிருப்பதே அதுவாக இருக்கலாம். துண்டான விரலை நேராக ஐஸில் போட்டால் திசு கெட்டுவிடும். ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸில் வையுங்கள்.

சோடா, தண்ணீர் எதுவும் வேண்டாம். நினைவில்லாதவருக்கு அது நுரையீரலுக்குள் போகும். நினைவுள்ளவருக்கு ஆபரேஷன் தேவைப்பட்டால் மயக்க மருந்து கொடுப்பது ஆபத்தாகும். வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்து திணிக்கிற பழக்கத்தால் ஒன்றும் ஆகாது. தலை தரையில் மோதாமல் பார்த்தால் போதும்.

மூச்சை 10 வினாடிக்குள் பாருங்கள். விட்டுவிட்டு வரும் ஏக்க மூச்சு மூச்சுக் கணக்கில் வராது. அசைவும் மூச்சும் இல்லையென்றால் நெஞ்சு நடுவில் 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள்.

"போலீஸ் கேஸ் ஆயிருமுங்க" என்று ஒதுங்குவதற்குக் காரணம் இப்போது இல்லை. 2016-இல் உச்ச நீதிமன்றமும், 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவும் உதவியவரைப் பாதுகாக்கின்றன. பெயர், போன் நம்பர் சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது. 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரத்துக்கான சிகிச்சைச் செலவை, திட்ட வரம்புக்குள், தமிழக அரசே ஏற்கிறது. எனவே பணத்துக்கு வழி தேடிக் காத்திருக்க வேண்டாம்.

108 ஊழியர் வந்ததும் நாலு விஷயம் சொல்லுங்கள்: எத்தனை மணிக்கு அடிபட்டது, இடையில் நினைவு தப்பியதா, வாந்தி எடுத்தாரா, எந்த இடத்தில் ரத்தத்தை அழுத்திப் பிடித்தீர்கள். அடிபட்டவரின் போனையும் பர்ஸையும் சாட்சிக்கு இன்னொருவரை வைத்துக்கொண்டு அந்த ஊழியரிடமே ஒப்படையுங்கள்.