முகம் கோணினால் உண்ணியையும் தேடுங்கள்

வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஒரு ஓரமாக ஒழுகும். கண்ணாடியில் பார்த்தால் வாய் கோணியிருக்கும். உடனே புருவத்தை உயர்த்திப் பாருங்கள். நெற்றிச் சுருக்கம் இரு பக்கமும் சரியாக விழுந்து வாய் மட்டும் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். நெற்றியும் அசையாமல், கண்ணை இறுக்கினாலும் இமை சேராமல் வெள்ளை விழி தெரிந்தால் பழுது முகநரம்பில். அதற்கும் அன்றைக்கே மருத்துவரைப் பார்ப்பதுதான் சரி.

இதைப் பெரும்பாலும் 'பெல்ஸ் பால்சி', அதாவது காரணம் தெரியாத முகநரம்புச் செயலிழப்பு, என்று எழுதிவிடுவார்கள். உண்ணிக் கடியால் பரவும் லைம் நோய் உள்ள பகுதியில் புல்லிலும் காட்டிலும் திரிந்தவருக்கு அந்தப் பெயரோடு நின்றுவிடக் கூடாது. இக்ஸோடிஸ் வகை உண்ணி வழியாக ஏறிய, லைம் நோயை உண்டாக்கும் பொரெலியா கிருமி சில வாரம் கழித்தும் இப்படி முகத்தை இழுக்கும். கடித்ததே தெரியவில்லை என்பவர்கள் ஏராளம். இளம் உண்ணி கசகசா அளவுதான்.

முடியை வகிர்ந்து வகிர்ந்து உச்சந்தலை, காதுமடலின் பின்புறம், பிடரி, அக்குள், தொடையிடுக்கு, முழங்காலின் பின்பக்கம் எல்லாம் தேடுங்கள். கடித்த 3 முதல் 30 நாளுக்குள் 5 செ.மீ.க்கு மேல் விரியும் சிவந்த தடிப்பு வந்ததா? நடுவில் வெளிறித்தான் இருக்க வேண்டும் என்றில்லை. முகத்தின் இரு பக்கமும் செயலிழந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். அதே பக்கக் காதில் வலியோ இரைச்சலோ இருந்தால் காதுத் துளைக்குள்ளேயே உண்ணி ஒட்டியிருக்கலாம். குச்சி விட்டுக் குடையாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

தோலில் உண்ணி இருந்தால் கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டி, அதன் வாய்ப்பகுதியைப் பிடித்து நேராக மேலே இழுங்கள். வயிற்றை அழுத்தாதீர்கள். எண்ணெய், நெருப்பு எதுவும் வேண்டாம்.

மருத்துவரிடம் உண்ணி பற்றி முதலிலேயே சொல்லுங்கள். பெல்ஸ் பால்சிக்கு 72 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு தொடங்குவது வழக்கம்; லைம் நோயால் வந்த முகவாதத்தில் அதனால் பலன் உண்டென்று நிரூபணமாகவில்லை. லைமுக்குத் தேவை ஆன்டிபயாடிக்: பெரியவர்களுக்குப் பெரும்பாலும் டாக்ஸிசைக்ளின் 100 மி.கி., தினம் இருவேளை, 14 முதல் 21 நாள். ஆரம்ப வாரங்களில், கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள் போதிய அளவு உருவாகியிருக்காது என்பதால் ரத்தப் பரிசோதனை 'இல்லை' என்று வரலாம்; சந்தேகம் இருந்தால் சில வாரம் கழித்துத் திரும்ப எடுக்கச் சொல்வார்கள்.

இதற்கிடையில் கண்ணை விட்டுவிடாதீர்கள். மூடாத கண் காய்ந்து கருவிழி புண்ணாகும். பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, இரவில் கண் களிம்பு போட்டு, இமையைக் கையால் மூடி மருத்துவ டேப் ஒட்டிப் படுக்க வேண்டும். கண் சிவந்தாலோ உறுத்தினாலோ அன்றே கண் மருத்துவரிடம் போங்கள்.