எலியின் ஈரலில் லிஸ்டீரியா: கோட்டை விடும் இடங்கள்

ஈரலில் பாக்டீரியா தொற்றைப் படிக்க வேண்டும் என்றால் பலரும் முதலில் கையில் எடுப்பது சுண்டெலியும் லிஸ்டீரியாவும்தான். 1926-இல் கேம்பிரிட்ஜில் ஆய்வக முயல்களிடம் கண்டுபிடித்து விவரித்த கிருமி இது. நன்கு பழகிய மாடல் என்பதாலேயே சில விஷயங்களை யோசிக்காமல் செய்துவிடுகிறோம்.

முதலில், கிருமியை எந்த வழியாகக் கொடுப்பது? சாப்பாட்டில் பரவும் கிருமிதானே, வாய்வழியே கொடுத்தால் இயல்பாக இருக்கும் என்று தோன்றும். ஆனால் லிஸ்டீரியா குடல் செல்லுக்குள் நுழைய, தன் இன்டர்னலின்-ஏ புரதத்தால் அந்தச் செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஈ-கேடெரின் என்ற புரதத்தைப் பிடித்தாக வேண்டும். மனித ஈ-கேடெரினில் 16-ஆம் இடத்தில் புரோலின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது, எலிக்கு அங்கே குளூட்டமிக் அமிலம். இந்த ஒரு மாற்றத்தால் பிடி சரியாக அமைவதில்லை, ஈரலுக்குப் போய்ச் சேரும் எண்ணிக்கையும் எலிக்கு எலி தாறுமாறாக இருக்கும். கினிப்பன்றிக்கு இந்தச் சிக்கல் கிடையாது. உங்கள் கேள்வி ஈரலுக்குள் நடப்பதைப் பற்றியது மட்டும்தான் என்றால் வால் சிரையில் ஊசி போடுங்கள், ஆனால் அந்த முடிவை வைத்துக் குடலைப் பற்றிப் பேசாதீர்கள்.

எலி இனமும் முக்கியம். பிளாக்-6 என்ற ஆய்வக இன எலி தாக்குப்பிடிக்கும், பால்ப்-சி என்ற இன்னொரு இனம் அதே அளவு கிருமிக்கே சுருண்டுவிடும். இன்னொரு கட்டுரையில் இருக்கும் அளவை அப்படியே எடுத்துப் போடுவது இதனால்தான் ஆபத்து. அப்புறம், ஊசி போட்டு முடித்ததும் மிச்சமிருக்கும் கிருமிக் கலவையை, கிருமி வளர்க்கும் அகார் தட்டில் பரப்பி, வளர்ந்ததை எண்ணிப் பாருங்கள். கலவை எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று பார்க்கும் அளவு செத்த கிருமியையும் சேர்த்துத்தான் காட்டும், உண்மையில் எவ்வளவு போனது என்று தட்டுதான் சொல்லும்.

அதிகம் சொதப்புவது ஈரலை எடுக்கும்போது. ரத்தத்தில் கிருமி இருக்கும் நேரத்தில், உப்புக் கரைசல் ஓட்டி ஈரலைக் கழுவாமல் அரைத்தால், நீங்கள் எண்ணுவதில் ஒரு பகுதி ரத்தத்தில் இருந்தது. தொற்று ஈரல் முழுக்கச் சமமாகவும் பரவாது. ஒரு மடலில் குண்டூசித் தலை அளவு வெள்ளைப் புள்ளிகள் தெரியும், பக்கத்து மடல் வழுவழுவென்று இருக்கும். கைக்கு வந்த துண்டை மட்டும் வெட்டி எடுத்தால் எண்ணிக்கை அந்தத் துண்டின் அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாகிவிடும். எந்த மடல் எண்ணிக்கைக்கு, எந்த மடல் திசு ஆய்வுக்கு என்று முன்பே தீர்மானித்து எல்லா எலிக்கும் அதையே கடைப்பிடியுங்கள்.

தொற்றுக்கு மருந்தைச் சோதிக்கிறீர்கள் என்றால், ஒரு கூண்டு முழுக்க மருந்து, அடுத்த கூண்டு முழுக்க வெறும் கரைசல் என்று பிரிக்கவே பிரிக்காதீர்கள். ஒரே கூண்டில் இருக்கும் எலிகள் குடல் கிருமிகளைப் பகிர்ந்துகொள்கின்றன. வித்தியாசம் மருந்தால் வந்ததா, கூண்டால் வந்ததா என்று பிறகு பிரிக்கவே முடியாது.

கடைசியாக, எலி சாகட்டும் என்று காத்திருப்பது. இரவில் செத்துக் காலையில் கிடைக்கும் எலியின் ஈரலில் கிருமி அதற்குள் பெருகியிருக்கும், அந்த எண்ணிக்கை எதற்கும் உதவாது. அந்த உயிர் பட்ட வலியும் வீண். எடை எவ்வளவு குறைந்தால், மயிர் சிலிர்த்து அசையாமல் கூனிக் கிடந்தால் உடனே வலியில்லாமல் முடித்துவிட வேண்டும், இரவில் யார் வந்து பார்ப்பார்கள் என்பதையெல்லாம் நெறிமுறைக் குழுவுக்குப் போகும் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள்.