விலை பூச்சியமாகவே நிற்கிறதா? கொன்ஸ்ட்ரக்டரைப் பாருங்கள்

ஜாவா என்ற நிரல்மொழியைப் படிக்கத் தொடங்கும் பிள்ளைகள் கிளாஸைத் தாண்டிவிடுவார்கள், கொன்ஸ்ட்ரக்டரில்தான் தடக்குப்படுவார்கள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் போய் வெறுமனே "மாம்பழம் தாங்கோ" என்றால் போதுமா? கறுத்தக்கொழும்பானா, வெள்ளைக்கொழும்பானா, கிலோ என்ன விலை என்ற பேச்சு வரும். மாம்பழம் என்ற பொதுவான அச்சுத்தான் கிளாஸ். கையில் வரும் ஒவ்வொரு பழமும் ஒப்ஜெக்ட். 'நியூ' (new) என்ற சொல்லைப் போட்டு ஒரு பழத்தை உருவாக்கும்போதே அதன் இனத்தையும் விலையையும் உள்ளே வைத்துவிடும் வேலைதான் கொன்ஸ்ட்ரக்டருடையது.

சரி, 400 ரூபா என்று கொடுத்தும் அச்சிட்டுப் பார்த்தால் 0 வருகிறதா? அநேகமாக 'திஸ்' (this), அதாவது 'இந்த ஒப்ஜெக்ட்' என்று சுட்டும் சொல், விடுபட்டிருக்கும். வெளியிலிருந்து வரும் மதிப்புக்கும் 'விலை' என்று பெயர், ஒப்ஜெக்டின் சொந்தப் புலத்துக்கும் அதே பெயர். 'விலை = விலை' என்று எழுதினால் வந்த மதிப்பு தனக்கே திரும்பிப் போகும்; பழத்துக்கு ஒன்றும் சேராது. இடப்பக்கம் 'திஸ்', ஒரு புள்ளி, அப்புறம் 'விலை' என்று எழுதுங்கள். நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலர் இதைப் பிழையாகக் காட்டாது என்பதால்தான் பலர் மணிக்கணக்கில் தேடுகிறார்கள், பாவம்.

இன்னொன்று: கொன்ஸ்ட்ரக்டருக்கு முன்னால் 'வொய்ட்' (void, எதையும் திருப்பித் தராது என்று சொல்லும் சொல்) போடாதீர்கள். போட்டால் அது நாமே பெயர் சொல்லிக் கூப்பிடவேண்டிய சாதாரண மெதட் ஆகிவிடும், 'நியூ' அதைக் கூப்பிடாது.

கொப்பியில் முதலில் 'திஸ்' இல்லாமலும் பிறகு அதோடும் எழுதி, இரண்டையும் கணினியில் ஓட்டிப் பாருங்கள்.