இறந்த குழந்தை அச்சோவியங்கள்: பார்க்கும்போது நாம் செய்யும் தவறுகள்

ஜெர்மன் ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் 1903-இல் செய்த ‘இறந்த குழந்தையுடன் பெண்’ என்ற எட்சிங்கை (உலோகத் தகட்டில் கீறி, அமிலத்தால் அரித்து எடுக்கும் அச்சு) பார்த்தவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். தரையில் உட்கார்ந்திருக்கும் தாய், பிள்ளையின் நெஞ்சில் முகம் புதைத்து, அவனைத் தன் உடம்போடு இறுக்கிப் பிடித்திருக்கிறாள்.

“போரில் மகனைப் பறிகொடுத்த தாயின் துயரம்” என்று இதற்கு விளக்கம் எழுதிவிடாதீர்கள். கோல்விட்ஸின் இளைய மகன் பேட்டர் பெல்ஜியப் போர்க்களத்தில் இறந்தது 1914 அக்டோபரில், 18 வயதில். படம் அதற்கு 11 ஆண்டுகள் முந்தையது. சொல்லப்போனால், படத்தில் இறந்து கிடக்கும் குழந்தைக்கு மாதிரியாக இருந்தவனே பேட்டர்தான். ஏழு வயதுப் பையனைத் தாங்கிக்கொண்டு, கண்ணாடியில் தன்னைப் பார்த்தே வரைந்தார் கோல்விட்ஸ். பாரம் தாங்காமல் முனகிய அம்மாவிடம், படம் அழகாக வரும் என்று அவன் ஆறுதல் சொன்னான். இதைப் படித்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. ஆனால் பின்னால் நடந்தது நமக்குத்தான் தெரியும், தகட்டைக் கீறியவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்த சாவுகள் வேறு: கைக்குழந்தையாகவே போய்விட்ட தம்பி, கணவர் கார்ல் மருத்துவம் பார்த்த பெர்லின் தொழிலாளர் குடும்பங்கள்.

இன்னொரு தவறு, படத்தின் ஒரு பகுதியை மட்டும் வெட்டி வெளியிடுவது. 1844-இல் அன்றைய பிரஷ்யாவின் சிலேசியப் பகுதி நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்ததை வைத்து அவர் 1893 முதல் 1897 வரை செய்த ஆறு தாள் தொகுப்பின் முதல் தாள் ‘வறுமை’. படுக்கையில் வாடிக் கிடக்கும் குழந்தை, தலையைக் கைகளில் பிடித்தபடி குனிந்திருக்கும் தாய். அந்த இருவரை மட்டும் எடுத்துப் போட்டால் பின்னால் நிற்கும் தறி போய்விடும். தறி போனால் பிள்ளை எதனால் சாகிறது என்பதும் போய்விடும். அப்புறம், ஆறு தாள்களையும் எட்சிங் என்று எழுத வேண்டாம். முதல் மூன்றும் கல்லச்சு, அதாவது கல்லில் வரைந்து எடுத்த அச்சு.

“அந்தக் காலத்தில் குழந்தைகள் அடிக்கடி செத்ததால் பெற்றோருக்கு மரத்துப்போயிருந்தது” என்பதையும் நான் ஏற்கமாட்டேன். நியூயார்க்கில் நத்தேனியல் கரியர் 1840-களில் மலிவு விலையில் நினைவுக் கல்லச்சுகள் விற்றார். கல்லறை, தொங்கும் வில்லோ மரம், அழும் உறவினர்கள் எல்லாம் அச்சில் இருக்கும். கல்லறையின் நடுவே மட்டும் வெற்றிடம். வீட்டார் பெயரையும் தேதியையும் கையால் எழுதிச் சுவரில் மாட்டினார்கள். மரத்துப்போனவர்கள் காசு கொடுத்து இதை ஏன் வாங்க வேண்டும்? அச்சில் அழுபவர்கள் அந்தக் குடும்பத்தார் அல்லர், எல்லா வீட்டுக்கும் அதே உருவங்கள்தான். அந்த வீட்டுக்கென்று இருப்பது கையெழுத்து மட்டும். வெற்றாகவே தங்கிவிட்ட பிரதிகளும் உண்டு. அவற்றைப் பெயர் வைக்கும் முன்பே இறந்த குழந்தைக்கானவை என்று நினைத்துவிடாதீர்கள். யாருக்கும் தேவைப்படாமல் போன பிரதிகளாகவும் இருக்கலாம்.