பழைய ஜாஸ் இசைத்தட்டைக் கழுவும் முறை
பாளையங்கோட்டையில் பழைய சாமான் கடையில் கிடைத்த ஜாஸ் தட்டை உடனே ஊசிக்கடியில் வைத்துவிடாதீர்கள். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நகத்தில் தட்டுப்படும் கீறல் ஊசியிலும் தட்டும். மற்றது பெரும்பாலும் அழுக்குதான்.

தாமிரபரணித் தண்ணீர் குடிக்க அமிர்தம், தட்டுக்கு வேண்டாம். காய்ந்தால் உப்பு படியும். காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, மென்மையான தூரிகையால் வரிகளின் போக்கிலேயே சுற்றித் தேயுங்கள். லேபிள் நனையக் கூடாது. அலசி, நிழலில் காயவிடுங்கள். நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் அரக்குத் தட்டில் ஆல்கஹால் படவே கூடாது, கரைந்துவிடும்.

நிமிர்த்தியே அடுக்குங்கள். சித்திரை வெயிலில் மாடியறையில் சாய்த்துவைத்த என் சாக்ஸபோன் தட்டு அப்பளமாய் வளைந்துவிட்டது. இன்றும் மனம் ஆறவில்லை.

கழுவியதும் தட்டை ஓடவிட்டு, ஸ்னேர் டிரம் என்னும் சிறு மேளத்தை வாசிப்பவரின் கம்பித் தூரிகை வருடும் ஓசையைக் கேளுங்கள். தூசியில் முதலில் மறைவது அதுதான்.