ஆறாம் வரியில் பூஜ்யம்: வாடகை வீட்டு மைல் கழிவு

டெக்சாஸில் வாடகைக்கு விட்ட வீட்டைப் பார்த்துக்கொள்ள 2024-ல் 1,140 மைல் ஓட்டியிருந்தேன். அமெரிக்க வருமான வரிக் கணக்கில் அதற்கு மைலுக்கு 67 சென்ட், மொத்தம் 763.80 டாலர் கழிய வேண்டும். வாடகை வருமானத்தைக் காட்டும் ஷெட்யூல் இ படிவத்தில், கார், பயணச் செலவுக்கான 6-ஆம் வரியிலோ பூஜ்யம். தொகையை நேராக அங்கே அடித்தேன். காரின் பயன்பாட்டு விவரம் கேட்கும் 4562 படிவம் எங்கே என்றது வரி மென்பொருள். காரை நீக்கி மறுபடி சேர்த்தேன், பலனில்லை. மூன்று இரவு போச்சு.

அப்புறம்தான் கண்ணில் பட்டது: அந்தப் படிவத்தின் ஐந்தாம் பகுதியில் வாடகை மைல் மட்டும் இருந்தது. அலுவலகம் போய்வந்த மைலும் சொந்த மைலும் காலி. பழைய ஆயில் சர்வீஸ் ரசீதுகளில் இருந்த ஓடோமீட்டர் எண்களை வைத்துக் கணக்கிட்டு நிரப்பியதும் தொகை வந்துவிட்டது.

இன்னொன்று, பயன்பாட்டுக்கு வந்த தேதியாகக் கார் வாங்கிய நாளைப் போட்டிருந்தேன். வாடகை வேலைக்கு முதலில் எடுத்த நாளைத்தான் போட வேண்டுமாம், அதையும் திருத்தினேன்.