வன்முறை நடக்கும் முன்பே தடுக்க நிதி கேட்பது எப்படி? முதல்முறை விண்ணப்பம் எழுதுவோருக்கு

குடும்ப வன்முறையாலோ பாலியல் வன்முறையாலோ பாதிக்கப்பட்டவருக்கு அடைக்கலம் தேட, சிகிச்சை பார்க்க, வழக்கு நடத்தவே எங்கும் பணம் போதுவதில்லை. அந்த நிலையில் ஒரு சிறு குழு போய், "இனி நடக்காமல் தடுக்கப் போகிறோம், நிதி கொடுங்கள்" என்று கேட்டால் பல இடங்களில் தயக்கம்தான் பதிலாக வரும். உலகில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பெண் வாழ்நாளில் ஒருமுறையாவது உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளாகிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட மதிப்பீடு சொல்கிறது. நடந்த பிறகு உதவுவதோடு நின்றுவிட்டால் இந்த எண் குறையாது. அதனால் கூச்சப்படாமல் கேளுங்கள். எப்படிக் கேட்பது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: எது மாறப்போகிறது என்று ஒரே வரியில் எழுதுங்கள்

புதிதாக எழுதுவோரின் விண்ணப்பங்களில் தவறாமல் வரும் வரி இது: "மக்களிடையே விழிப்புணர்வு ஏற்படுத்துவோம்." படிக்கும் அதிகாரிக்கு இதில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. யார், எங்கே, இப்போது என்ன செய்கிறார்கள், இனி என்ன செய்வார்கள் என்று எழுதிப் பாருங்கள். "இந்த மூன்று தெருக்களில், பக்கத்து வீட்டில் அடி விழும் சத்தம் கேட்டால் 'அது அவர்கள் குடும்ப விஷயம்' என்று ஒதுங்குபவர்கள் குறைவார்கள், பாதுகாப்பாகத் தலையிடவோ உதவி எண்ணை அழைக்கவோ தெரிந்தவர்கள் கூடுவார்கள்." இப்படி எழுதினால் செலவும் அளவீடும் இந்த வரியிலிருந்தே கிளம்பும்.

இந்த வரியை அலுவலகத்தில் உட்கார்ந்து எழுத முடியாது. அங்கே வாழ்பவர்களிடம் பேசித்தான் எழுத வேண்டும். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: பாதிக்கப்பட்ட ஒருவரைக் கூட்டத்தில் எழுப்பித் தன் கதையைச் சொல்ல வைக்காதீர்கள்.

படி 2: இது நடக்கக்கூடியதுதான் என்று காட்டுங்கள்

உகாண்டாவின் கம்பாலா நகரில் 'சாசா!' என்றொரு திட்டம். வெளியிலிருந்து நிபுணர்களைக் கொண்டுவராமல், அந்தந்தப் பகுதியின் சாதாரண ஆண்களையும் பெண்களையும் பயிற்றுவித்து, ஆண்-பெண் உறவில் யார் கையில் அதிகாரம் இருக்கிறது என்பது பற்றி அக்கம்பக்கத்தாரோடு தொடர்ந்து பேசச் செய்தார்கள். 2007 முதல் 2012 வரை நடந்த ஆய்வில், திட்டம் நடந்த பகுதிகளில் முந்தைய ஓராண்டில் துணைவரின் உடல் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்ன பெண்கள், மற்றப் பகுதிகளைவிட 52 சதவீதம் குறைவாக இருந்தார்கள். ஆய்வில் இருந்தவை மொத்தம் 8 பகுதிகள்தான். இதை மேற்கோள் காட்டும்போது அந்த எண்ணையும் சேர்த்தே சொல்லுங்கள். மறைத்தால் விவரம் தெரிந்த அதிகாரி உங்கள் மற்ற எண்களையும் நம்ப மாட்டார்.

தென்னாப்பிரிக்காவில் பெண்களுக்குச் சிறுகடனோடு பாலினச் சமத்துவப் பயிற்சியும் கொடுத்த 'இமேஜ்' ஆய்வு 2006-இல் வெளியானது. அதிலும் துணைவரின் வன்முறை பாதிக்கு மேல் குறைந்திருந்தது. பெண்கள் மீதான வன்முறையைத் தடுப்பது பற்றி உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட 'ரெஸ்பெக்ட்' வழிகாட்டியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். உங்கள் வேலை அதிலுள்ள 7 உத்திகளில் எதில் அடங்கும் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

படி 3: பட்ஜெட்

இங்கேதான் நிதானமாக உட்கார வேண்டும். பேனர், துண்டுப் பிரசுரம், மேடை, ஒலிபெருக்கி என்று எழுதுவது சுலபம். ரசீதும் கிடைக்கும், புகைப்படமும் கிடைக்கும். ஆனால் ஒருநாள் கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போன மனிதர் அடுத்த வாரம் வேறு மாதிரி நடந்துகொள்வார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. மனதை மாற்றுவது திரும்பத் திரும்ப நடக்கும் பேச்சு. அதற்கு ஆள் வேண்டும், காலம் வேண்டும். ஆகவே பணத்தின் பெரும்பகுதி மனிதர்களுக்குப் போகட்டும். இதைச் சொல்லச் சங்கடப்பட வேண்டாம்.

ஒரு களப்பணியாளரின் ஒரு மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் இரண்டு மாலை தெருவில் பேசுகிறார். பேருந்துக் கட்டணம், ஃபோன் ரீசார்ஜ், அந்த நேரத்துக்கான மதிப்பூதியம், அவர் வெளியே இருக்கும்போது குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்கான தொகை, மாதம் ஒருமுறை ஆலோசகரோடு உட்கார்ந்து மனச்சுமையை இறக்கிவைக்க ஒரு மணி நேரம். இவற்றைத் தனித்தனி வரியாக எழுதி, ஆட்களின் எண்ணிக்கையாலும் மாதங்களாலும் பெருக்குங்கள். 'தன்னார்வலர்கள், செலவு இல்லை' என்று எழுதினால் அந்தச் செலவு அவர்கள் வீட்டுப் பணத்திலிருந்துதான் போகும். ஆறு மாதத்தில் வருவதை நிறுத்திவிடுவார்கள்.

அப்புறம், மறக்கவே கூடாத ஒரு வரி: அவசரச் செலவு. பேச்சு தொடங்கியதும், கூட்டம் கலைந்த பிறகு யாராவது ஒருவர் பின்தங்கி நின்று, "என் வீட்டிலும் இப்படித்தான்" என்பார். அன்றிரவே அவர் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருக்கலாம். வண்டிச் செலவு, ஓர் இரவு தங்குமிடம், உடன் செல்ல ஒருவர், இதற்கெல்லாம் பணம் ஒதுக்கியிருக்க வேண்டும். தடுப்புத் திட்டத்தில் இது எதற்கு என்று கேட்டால், பேச வைத்துவிட்டுக் கைவிட முடியாது என்று நேராகச் சொல்லுங்கள்.

வாடகை, கணக்காளர், தணிக்கைச் செலவுகளையும் சேருங்கள். எத்தனை சதவீதம் வரை நிர்வாகச் செலவு ஏற்பார்கள் என்பது பெரும்பாலும் நிதி தருவோரின் அறிவிப்பிலேயே இருக்கும்.

படி 4: யாரிடம் கேட்பது

எல்லோரும் முதலில் தட்டுவது பெண்கள் நலத் துறையின் கதவை. சுகாதாரம், கல்வி, உள்ளாட்சி, விளையாட்டுத் துறைகளையும் பாருங்கள். அமெரிக்காவில் 1994-இன் பெண்கள் மீதான வன்முறைத் தடுப்புச் சட்டத்திலிருந்து பிறந்த பாலியல் வன்முறைத் தடுப்பு நிதி, மாநிலச் சுகாதாரத் துறைகள் வழியாகவும் போகிறது. சர்வதேச அளவில், பெண்கள் மீதான வன்முறையை ஒழிக்க ஐ.நா. பொதுச்சபையின் தீர்மானத்தால் 1996-இல் உருவான அறக்கட்டளை நிதி குடிமைச் சமூக அமைப்புகளுக்கு மானியம் தருகிறது. போட்டி கடுமை. சிறு குழுவுக்கு, பதிவும் தணிக்கையும் உள்ள பெரிய அமைப்போடு கூட்டாக விண்ணப்பிப்பது நல்ல தொடக்கம். யார் பங்கு எவ்வளவு, முடிவெடுப்பது யார் என்பதை முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

படி 5: அளவீடு

"புகார்கள் குறையும்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். வேலை நன்றாக நடந்தால் முதலில் புகார்கள் கூடும், ஏனென்றால் இதுவரை வாய் திறக்காதவர்கள் பேசத் தொடங்குவார்கள். இதை விண்ணப்பத்திலேயே எழுதிவைத்தால் இரண்டாம் ஆண்டில் யாரும் பதற மாட்டார்கள். முதல் ஆண்டுக்கு, மனப்பான்மையும் தலையிடும் துணிவும் எவ்வளவு மாறின என்று பார்ப்பது போதும்.

கருத்துக்கணிப்பு எடுப்பதானால் பாதுகாப்புதான் முதலில். தனியாக இருக்கும்போது மட்டும் பேச வேண்டும். ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும் கேட்க வேண்டும். வெளியே 'பெண்கள் உடல்நலக் கணிப்பு' போன்ற பெயரில் நடத்த வேண்டும். பதில் சொல்பவரிடம் மட்டும் உண்மையான நோக்கத்தைச் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். கணவர் உள்ளே வந்தால் சட்டென்று பேச்சை மாற்ற, கையில் வேறு கேள்வித்தாள் இருக்கட்டும்.

படி 6: அனுப்புங்கள்

கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுங்கள். அதற்கு முன், இந்த வேலையோடு தொடர்பில்லாத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். படி 1-இல் எழுதிய வரியை அவரால் தன் சொற்களில் திருப்பிச் சொல்ல முடிந்தால் சரி. கேட்டதைவிடக் குறைவாகத் தர முன்வந்தால் தெருக்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள், களப்பணியாளரின் மதிப்பூதியத்திலும் அவசரச் செலவிலும் கை வைக்காதீர்கள். மறுத்துவிட்டால், மதிப்பீட்டாளர்களின் குறிப்பைக் கேட்டு எழுதுங்கள். பல அமைப்புகள் கேட்டால் தருகின்றன. அதை வைத்துத் திருத்தி அடுத்த சுற்றுக்கு மறுபடி அனுப்பலாம்.